ஆழம் குறைந்த நீரில் மூழ்கும் லூர்: தேர்வும் இழுப்பும்

கொடுவா பிடிக்கும் ஆசையுடன் சென்னை அருகே முட்டுக்காடு போன்ற கழிமுகங்களுக்குப் புதிதாக வருபவர்கள், இடுப்பளவு ஆழம்கூட இல்லாத நீரில் மூழ்கும் லூர் (செயற்கை இரை) எதற்கு என்று கேட்பது இயல்பே. பிற்பகலில் கடற்காற்று எதிரே வீசத் தொடங்கினால், உள்ளே பெரிய காற்றறை கொண்ட மிதக்கும் லூர் பாதித் தூரத்திலேயே விழுந்துவிடும். அதே நீளமும் கூடுதல் எடையும் உள்ள மூழ்கும் லூரோ நினைத்த இடம் வரை போய்ச் சேரும். வற்றத்தின்போது (கடல்நீர் இறங்கும் நேரத்தில்) நீரோட்டம் வலுத்தாலும் அது மேற்பரப்பில் அடித்துச் செல்லப்படாமல் மீனின் பார்வை மட்டத்தில் நிற்கும். ஆனால், தவறான வேகத்தில் மூழ்குவதைத் தேர்ந்தெடுத்தால் முதல் வீச்சிலேயே சிப்பிப் பாறையில் மாட்டிக்கொள்ளும்.

படி 1: ஆழத்தை அறிதல்

வற்றம் முடியும் நேரத்தில் ஒருமுறை கரையில் நடந்து பாருங்கள். சிப்பி படிந்த கற்களும், மடவைக் குஞ்சுகள் ஒதுங்கும் சிறு வாய்க்கால்களும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். ஏற்றத்தில் நீர் எவ்வளவு உயரும் என்பதைப் பாலத்தூண்களில் உள்ள ஈரக்கோட்டை வைத்து மதிப்பிடலாம்.

படி 2: மூழ்கும் வேகத்தை அளத்தல்

பெட்டியில் ‘மெதுவாக மூழ்கும்’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய 2.5 விழுக்காடு அடர்த்தி மிக்கது என்பதால், வடகிழக்குப் பருவமழையில் உப்புத்தன்மை குறைந்த கழிமுகத்தில் ஒரு லூர் மூழ்கும் வேகம், அதே இடத்தில் கோடையில் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கும். மெதுவாக மூழ்கும் வகைகளில்தான் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். தூண்டில் முள்ளைக் கனமானதாக மாற்றினாலும் வேகம் கூடும். ஆகவே மீன்பிடிக்கும் நீரிலேயே, காலடியில் தெளிவாகத் தெரியும் இடத்தில் லூரை விட்டு, தரையைத் தொட எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள்.

ஒரு மீட்டர் ஆழத்தில், தரைக்கு ஒரு சாண் மேலே லூர் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 30 செ.மீ. மூழ்கும் லூருக்கு மூன்று நொடிகூடக் கிடைக்காது. ரீலின் பெயிலை (லைனை, அதாவது தூண்டில் நூலை, வெளியே விடத் திறக்கும் கம்பி வளையத்தை) மூடி, நூலின் தொய்வை எடுப்பதற்குள் அது சேற்றில் இருக்கும். நொடிக்கு 15 செ.மீ. மூழ்குவதற்கு ஐந்து நொடிக்கு மேல் கிடைக்கும். தொடக்கநிலையினருக்கு இரண்டாவதுதான் ஏற்றது. நிறத்தைப் பற்றிப் பிறகு கவலைப்படலாம். கடைகளில் அதற்குத் தரப்படும் முக்கியத்துவம் எனக்கு மிகையாகவே படுகிறது.

படி 3: வகையைத் தேர்ந்தெடுத்தல்

8 முதல் 10 செ.மீ. நீளமுள்ள சாஃப்ட் பிளாஸ்டிக் மீனை 5 கிராம் ஜிக் ஹெட்டில் (முள்ளுடன் இணைந்த எடைத் தலை) கோத்துத் தொடங்குவதே என் பரிந்துரை. வேகம் கூடுதலாகப் பட்டால் 3 கிராமுக்கு இறங்கலாம். ஜிக் ஹெட்டை மட்டும் மாற்றினால் போதும், செலவும் குறைவு. சிப்பியும் வேர்களும் நிறைந்த இடத்தில், முள் நுனி பிளாஸ்டிக்குள் மறைந்திருக்கும் வகையைப் பயன்படுத்துங்கள். மூழ்கும் மின்னோ (சிறுமீன் வடிவக் கடின லூர்) வாங்குவதானால் அதன் உதடு (முன்னால் நீட்டியிருக்கும் தகடு) குட்டையாக இருக்கட்டும். நீண்ட உதடு, இழுக்க இழுக்க லூரைத் தரைக்கு இறக்கிவிடும். உதடில்லாத, கிலுகிலுப்பு ஒலி எழுப்பும் கிராங்க் பெய்ட் வகை லூர் விரைவாக மூழ்குவதால் கை பழகிய பின் எடுத்துக்கொள்ளலாம்.

படி 4: வீசுதலும் இழுத்தலும்

லூர் நீரைத் தொடுவதற்குச் சற்று முன்பே ஸ்பூலிலிருந்து (லைன் சுற்றியிருக்கும் உருளை) போகும் லைனை விரலால் மெல்லத் தடுத்து, பெயிலைக் கையால் மூடிவிடுங்கள். லைன் தொய்ந்திருந்தால் லூர் நேராகக் கீழே விழும். இறுக்கமாக இருந்தால் ஊசலைப் போல உங்களை நோக்கி வளைந்தபடி, மெதுவாக இறங்கும். ஆழம் குறைந்த நீரில் இந்த இரண்டாவது இறக்கமே வேண்டியது. மீன் பெரும்பாலும் இறக்கத்தில்தான் கவ்வும். லைன் இறுக்கமாக இருந்தால்தான் அந்தத் ‘டக்’ என்ற அதிர்வு கைக்கு எட்டும்.

லூரின் உயரத்தைக் கட்டுப்படுத்துவது ராட் (தூண்டில் கோல்) நுனிதான். நுனியைத் தலைக்கு மேல் உயர்த்தினால் லூர் மேலேறும். லூர் நெருங்கி வர வர நுனியைப் படிப்படியாகத் தாழ்த்தலாம். 2500 அளவு ரீல்கள் பலவற்றில் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் முக்கால் மீட்டர் அளவுக்கு லைன் உள்ளே வரும் என்பதால், இரண்டு நொடிக்கு ஒரு சுற்று என்று தொடங்குங்கள். மூன்று நான்கு சுற்றுக்குப் பின் ஒரு நொடி நிறுத்தி, மீண்டும் சுற்றுங்கள். தரையில் உரசும் உணர்வு வந்தால் நிறுத்தும் நேரத்தை முதலில் குறைத்துப் பாருங்கள். அதன் பிறகே வேகத்தைக் கூட்டுங்கள்.

மாட்டிக்கொண்டால்

ராடை வளைத்து இழுக்காதீர்கள். முள் இன்னும் ஆழமாக ஏறும். லைனைத் தளர்த்தி, நுனியைச் சிறிதாகச் சுண்டிவிட்டுப் பாருங்கள். விடுபடாவிட்டால் கரையோரமாக நகர்ந்து எதிர்ப்பக்கத்திலிருந்து இழுங்கள். அதற்கும் வராவிட்டால், பிரெய்டு (இழைகளைப் பின்னிய) லைனை ஒரு கட்டையில் சுற்றி, ராடை லைனுக்கு நேராக நீட்டியபடி பின்னோக்கி நடக்க வேண்டும். வெறுங்கையில் சுற்றினால் லைன் தோலை அறுத்துவிடும். லூர் திடீரென விடுபட்டு முகத்தை நோக்கிப் பாயக்கூடும் என்பதால் கண்ணாடி அணிந்து, முகத்தை மறுபக்கம் திருப்பியே இழுங்கள்.