எஸ்.டி.எஸ். கரைசலில் பொட்டாசியம்: ஆய்வகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரதங்களைப் பிரித்தறியும் ஆய்வகங்களில் அன்றாடம் புழங்கும், சோப்பைப் போன்று புரதத்தில் ஒட்டிக்கொள்ளும் கரிம உப்பு சோடியம் டோடெசில் சல்ஃபேட், அதாவது எஸ்.டி.எஸ். அது நீரில் கரைந்ததும் டோடெசில் சல்ஃபேட் அயனி மட்டுமே வேலை செய்கிறது, உடன்வந்த சோடியம் சும்மா கிடக்கிறது என்று எண்ணுவதே முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

தாங்கல் (பஃபர்) கரைசலின் பி.எச். அளவைச் சரிசெய்யக் கைக்கெட்டிய பொட்டாசியம் ஹைட்ராக்சைடை ஊற்றிவிடுகிறார்கள். அல்லது பொட்டாசியம் பாஸ்ஃபேட்டில் வைத்திருந்த புரத மாதிரியில் எஸ்.டி.எஸ். சேர்க்கிறார்கள். உடனே கரைசல் பால்போல் கலங்கி, வெள்ளையாகப் படிகிறது. படிவது அறை வெப்பநிலையில் அரிதாகவே கரையும் பொட்டாசியம் டோடெசில் சல்ஃபேட். சூடாக்கினால் தெளியும், ஆனால் புரதங்களைப் பிரிக்கும் ஜெல்லின் குழியில் இட்டு ஆறியதும் மறுபடி படியும். மையவிலக்கியில் சுழற்றி வீழ்படிவை வீசிவிடுவது இன்னும் மோசம், ஏனெனில் எஸ்.டி.எஸ். ஒட்டிய புரதமும் அதனுடன் போய்விடும். பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்மிட் எனும் சிறு வளைய டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கையில் பொட்டாசியம் அசிடேட் சேர்ப்பது இதே விளைவை வேண்டுமென்றே பயன்படுத்தித்தான்.

பொட்டாசியம் சோப்பு சோடியம் சோப்பைவிட நன்றாகக் கரையுமே என்று இங்கே சிலர் குழம்புவதுண்டு. சோப்பின் கார்பாக்சிலேட் முனை நீரை இறுகப் பற்றுவது. சோடியமும் அத்தகையதே என்பதால் அவை இரண்டும் எளிதில் இணைகின்றன, அதனால் கரைவது குறைகிறது. சல்ஃபேட் முனையிலோ மின்சுமை பல ஆக்சிஜன்களில் பரவியிருப்பதால் நீரின் பிடி தளர்ந்திருக்கிறது. அதேபோல் தளர்ந்த பிடியுள்ள பொட்டாசியம் தன் நீரை எளிதில் உதறிவிட்டு அதனுடன் சேர்ந்துகொள்கிறது. ஒன்றின் விதியை மற்றதற்கு ஏற்றக் கூடாது.

தூய நீரில் 25 டிகிரி செல்சியஸில் எஸ்.டி.எஸ். மூலக்கூறுகள் மிசெல்கள் எனும் நுண்திரள்களாகத் திரளத் தொடங்குவது ஏறத்தாழ 8 மில்லிமோலார் செறிவில். இந்த எண்ணை உப்புக் கரைசலுக்கும் அப்படியே எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. 0.1 மோலார் சோடியம் குளோரைடு இருந்தால், மிசெல் பரப்பை மொய்க்கும் சோடியம் அயனிகள் சல்ஃபேட் முனைகளின் விலக்கத்தைத் தணிப்பதால், 1.5 மில்லிமோலார் அளவிலேயே திரள்வு தொடங்கிவிடும்.

குளிரறையில் வேலை செய்வோர் சோடியம் உப்பும் படியக்கூடும் என்பதால் லித்தியம் டோடெசில் சல்ஃபேட்டைப் பயன்படுத்தலாம். புரதத்தின் மடிப்பைக் குலைக்கும் உப்பான குவானிடின் ஹைட்ரோகுளோரைடில் கரைத்த மாதிரியை நேரே எஸ்.டி.எஸ். ஜெல்லில் ஏற்றவே வேண்டாம். அதன் நேர்மின்சுமையுள்ள குவானிடினியம் அயனியும் டோடெசில் சல்ஃபேட்டுடன் வீழ்படிவு தரும். முதலில் மின்சுமையற்ற யூரியாவுக்கு மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.