பழைய டெக்னோ இசைத்தட்டு வாங்கும்போது

டெக்னோ என்ற மின்னணு நடன இசை பிறந்த டெட்ராய்ட் நகரத்துத் தட்டு கையில் கிடைத்தால் உறையை அப்புறம் பாருங்கள். தட்டை விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்து, பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வெற்று வளையத்தைக் கவனியுங்கள். அங்கே ‘என்எஸ்சி’ (NSC) என்று கீறியிருந்தால், அது டெட்ராய்டின் ஒலிப்பொறியாளர் ரான் மர்ஃபி ஒலிப்பள்ளம் வெட்டிய தட்டு. நான் பேரம் பேசாமல் எடுத்துவிடுவேன். மறுபதிப்பிலும் அதே கீறல் வரக்கூடும். லேபிளின் அச்சையும் ஒப்பிடுங்கள்.

எண்பதுகளின் சிகாகோ ஹவுஸ் நடன இசைத் தட்டு என்றால் கேட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பளபளக்கும் தட்டிலும் பொரிவது போன்ற இரைச்சல் கேட்கும்.

பெர்லினின் பேசிக் சேனல் என்ற டெக்னோ வெளியீட்டு நிறுவனத்தின் (1993-இல் தொடங்கியது) தட்டுகள் நேர்மாறு. அவற்றில் வரும் இரைச்சல் இசையிலேயே கலந்தது. இது தெரியாமல் ஒரு தட்டை இரண்டு முறை கழுவினேன். மூன்றாவது தடவைதான் ஹெட்போனில் கேட்டேன். இரைச்சலும் தாளத்தோடு சேர்ந்து மூச்சுவிட்டது.