கிளைடர் பந்தயத்தின் கடைசி 30 கிலோமீட்டர்: பத்திரமாக முடிப்பது எப்படி?

கிளைடர் என்பது எஞ்சின் உதவியில்லாமல் காற்றில் சறுக்கிப் பறக்கும் விமானம். பந்தயம் முடியும் நேரத்தில் உயரம் குறைந்திருக்கும், வேகம் கூடியிருக்கும், எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்துகொண்டிருப்பார்கள். பல மணி நேரம் பறந்த களைப்பு வேறு. அதனால் முடிக்கும் வேலையை 30 கிலோமீட்டருக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

முதலில் உயரக் கணக்கு. உங்கள் கிளைடரின் சறுக்கு விகிதம் 40:1 என்றால், அமைதியான காற்றில் ஒரு கிலோமீட்டருக்கு 25 மீட்டர் உயரம் செலவாகும். 20 கிலோமீட்டருக்கு 500 மீட்டர். எதிர்க்காற்று, இறங்குகாற்று, இறக்கையில் ஒட்டிய பூச்சிகள் எல்லாம் இதைக் கூட்டும். ஆகவே 250 முதல் 300 மீட்டர் வரை கையிருப்பாக வைத்துக்கொண்டு கடைசி தெர்மலை (கிளைடரை மேலே தூக்கும் சூடான காற்றோட்டத்தை) விட்டுக் கிளம்புங்கள். முடிவு வட்டத்துக்கு (திடலைச் சுற்றிப் பந்தயம் முடியும் எல்லைக்கு) குறைந்தபட்ச உயரம் விதித்திருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.

வழியில். 10 கிலோமீட்டரில் ரேடியோவில் போட்டி எண்ணையும் தூரத்தையும் சொல்லுங்கள். எடைக்காக இறக்கையில் நிரப்பிய தண்ணீர் வடிய சில நிமிடங்கள் ஆகும். கீழேயும் பின்னாலும் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு முன்கூட்டியே திறந்துவிடுங்கள். அப்புறம் கண் வெளியேதான் இருக்க வேண்டும், திரையில் அல்ல.

வட்டத்தின் எல்லையில். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். விதித்த உயரத்துக்கு 20 மீட்டர் குறைகிறது என்றதும் கை தானாகக் கட்டுப்பாட்டுக் குச்சியை இழுத்து மூக்கை உயர்த்தும். இழுத்தால் என்ன கிடைக்கும்? மணிக்கு 200 கிலோமீட்டரிலிருந்து 100-க்குக் குறைத்தால் கிட்டத்தட்ட 100 மீட்டர் ஏறலாம். 120-லிருந்து 100-க்குக் குறைத்தாலோ, கணக்குப்படியே 17 மீட்டர்தான்! அதற்கு விலையாக ஸ்டாலுக்கு (இறக்கை தூக்கும் விசையை இழக்கும் நிலைக்கு) பக்கத்தில், தரைக்கும் பக்கத்தில், பின்னால் வருபவரின் பாதையில் போய் நிற்பீர்கள். புள்ளி போனால் போகட்டும், மூக்கை உயர்த்தாதீர்கள்.

எட்டாது என்று தெரிந்தால். இழுத்து நீட்டப் பார்க்க வேண்டாம். தரையிலிருந்து 300 மீட்டர் இருக்கும்போதே நல்ல வயலைத் தேர்ந்தெடுத்து, அதில் இறங்குவதை மட்டும் யோசியுங்கள். திடலைச் சுற்றி மரங்களும் மின்கம்பிகளும் இருந்தால் இந்த முடிவை இன்னும் சீக்கிரம் எடுங்கள்.

தரையிறங்கும்போது. சக்கரம் இறங்கியதா என்று அதன் நெம்புகோலைக் கையால் தொட்டுப் பாருங்கள். நேராக இறங்குவதா, சுற்றி வருவதா என்பதை ரேடியோவில் சொல்லுங்கள். முன்னால் இறங்கியவர்கள் இல்லையென்றால் ஓடுதளத்தின் கடைசிவரை உருண்டு போங்கள். பின்னால் வருபவருக்கு அந்த இடம் வேண்டும். நின்றதும் கிளைடரை ஓரமாகத் தள்ளிவிடுங்கள்.