மதிலில் பூங்கொடி ஏற்றுகிறவர்கள் மலைநாட்டில் செய்யும் தவறுகள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு, வருடம் முழுக்கப் பச்சையாக நின்று பூக்கிற ஒரு கொடி மதிலில் வேண்டும். நல்ல ஆசைதான். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அதே தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. தண்ணீர் ஊற்று, களை பிடுங்கு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

மண்ணைத் தாங்கும் மதிலை மூடிவிடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். நம்மூரில் மதில் இரண்டு வகை. எல்லைக்காகக் கட்டியது ஒன்று, அதில் என்ன கொடியும் ஏற்றுங்கள். மற்றது, சரிவை வெட்டி மேல் மண்ணைத் தாங்க வைத்துக் கட்டியது. அதன் அடியில் தண்ணீர் வடிய வரிசையாகக் குழாய் வைத்திருப்பார்கள். கொடியை மதிலோடு ஒட்டி நட்டால் ஈரம் தேடும் வேர் அந்தக் குழாய்க்குள்தான் போகும். மதிலில் ஒட்டிப் படரும் சின்ன இலை ஃபைகஸ் இன்னும் மோசம், கிடைத்த வெடிப்பிலெல்லாம் வேர் விடும். மிச்சத்தை உதிர்ந்த இலையும் பாசியும் அடைத்துவிடும்.

அப்புறம் மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கும். மதிலுக்குப் பின்னால் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினாலே, அடியில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு தொன் அழுத்தம், மண்ணின் பாரம் தனி. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மதில் முழுக்கப் பைரோஸ்டேஜியா என்கிற செம்மஞ்சள் பூக்கொடி, ரோட்டில் போகிறவர்கள் நின்று படம் எடுப்பார்கள். வேறு வேலைக்கு வந்த மேசன் இலையை விலக்கிப் பார்த்தபோதுதான் மதில் வயிறு தள்ளி நிற்பது தெரிந்தது. பாதி மதிலை உடைத்துத் திரும்பக் கட்டினார்கள். "வேர் மதிலைப் பிடித்துக்கொள்ளும்" என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருந்தார்களாம். தயவுசெய்து இதை நம்பாதீர்கள். அந்த மதிலுக்குக் கீழேதான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

கொடியை மதிலிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நடுங்கள். கல்வனைஸ் கம்பியை மதிலுக்கு நாலு விரல் முன்னால் இழுத்து அதில் படர விடுங்கள், காற்றும் போகும். குழாய் இருக்கும் கீழ்ப்பகுதியில் ஒரு இலைகூட வேண்டாம். நல்ல மழை பெய்யும்போது குடையோடு போய்ப் பாருங்கள், மற்றக் குழாய்களில் தண்ணீர் வந்து ஒன்றில் மட்டும் வராவிட்டால் அது அடைபட்டிருக்கலாம், உடனே கம்பி விட்டுக் குத்துங்கள்.

ஊரைப் பார்க்காமல் வாங்குவது

பதுளையில் தீப்பிடித்த மாதிரி பூக்கிற போகன்வில்லாவை, 1,868 மீட்டர் உயரத்தில் பனிமூட்டத்துக்குள் இருக்கும் நுவரெலியாவில் வைத்துவிட்டு ஏன் பூக்கவில்லை என்றால் எப்படி? அதற்கு வெயில் வேண்டும், வேரடி காய வேண்டும். தை, மாசி உறைபனியில் குருத்தும் கருகும். மேலே இருப்பவர்களுக்கு ஸ்டார் ஜாஸ்மினும் ஹனிசக்கிளும் குளிர் தாங்கும், மணமும் உண்டு.

தகர வேலியில் நீலத் தன்பேர்ஜியா

வேண்டாம். இந்தக் கொடியின் பாரத்தில் வேலி சாயும், பக்கத்து மரத்தையும் மூடும்.

யூரியாவை அள்ளிப் போடுவது

இலைதான் வரும்.

தீபாவளிக்குக் கவ்வாத்து

தேயிலைக்குக் கவ்வாத்து நேரம் தெரிந்தவர்கள்கூட, தீபாவளிக்கு மதிலுக்கு வெள்ளையடிக்கிற அவசரத்தில் கொடியை ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். பைரோஸ்டேஜியா குளிர் மாதங்களில் பூக்கிறது, பூ வருவதோ புதுத் துளிரின் நுனியில். அந்த நுனிதான் வெட்டுப்பட்டுப் போகிறது. பூ முடிந்த கையோடு வெட்டுங்கள், அடுத்த பூவுக்குத் துளிர்க்க நேரம் இருக்கும். வெள்ளையடிக்கத்தான் வேண்டும் என்றால், கம்பியைக் கொக்கியில் மாட்டி வையுங்கள். இரண்டு பேர் பிடித்துக் கொடியோடு முன்னால் சாய்த்துவிட்டு வேலை முடிந்ததும் திரும்ப மாட்டிவிடலாம்.