பிரிவு விழாவில் டீச்சரைப் பற்றிப் பேச

"அன்பும் பண்பும் நிறைந்த" என்று தொடங்காதீர்கள்; அதை எந்த டீச்சருக்கும் சொல்லலாம். அவர் செய்த ஒரே ஒரு காரியத்தைப் பிடியுங்கள். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது இதைத்தான் சொன்னேன்: வரலாறு டீச்சர் எங்களை ராயபுரம் ஸ்டேஷனுக்கு நடத்தியே கூட்டிப்போனார். "1856-ல தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான்டா கிளம்புச்சு, ஆற்காடு பக்கத்துல இருக்கிற வாலாஜா ரோடு ஸ்டேஷன் வரைக்கும்" என்று தூணைத் தட்டிக் காட்டினார். திரும்பும்போது நாற்பது பேருக்கும் அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ். பாவம், அவர் பர்ஸ்!

கடைசி பெஞ்சுக்காரர்களிடம் கட்டாயம் கேளுங்கள், நல்ல கதையெல்லாம் அங்கேதான் இருக்கும். மூன்று நிமிடம் போதும். வீட்டில் இரண்டு தடவை சத்தமாகப் படித்துப் பாருங்கள். அழுகை வந்தால் சரி, நிறுத்தித் தண்ணீர் குடியுங்கள். அப்புறம், விழாவுக்காக வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் சேலை எடுப்பதாக இருந்தால் காட்டனே எடுங்கள்.