மூச்சை இழுப்பதும் மூச்சு வாங்குவதும்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

மொரீசியசில் கிரியோலும் பிரெஞ்சும் பேசி வளர்ந்து, பள்ளியிலோ கோயில் வகுப்பிலோ தமிழ் படிக்கத் தொடங்கியவர்கள், ‘ரெஸ்பிரே’ என்பதற்கு ஈடான சொல்லை அகராதியில் தேடினால் ‘சுவாசி’ என்று காண்பார்கள். பாடநூலிலும் செய்தித்தாளிலும் வழங்கும் நல்ல சொல்தான் அது. ஆனால் வீட்டில் யாரும் ‘நான் சுவாசிக்கிறேன்’ என்று சொல்வதில்லை. காற்றை உள்ளே கொண்டுசெல்வதற்குப் பேச்சில் வழங்குவது ‘இழு’ என்னும் வினை. அதை ‘மூச்சு’ என்னும் பெயரோடு சேர்த்தே ஆள வேண்டும்.

படி 1: வடிவங்களைப் பழகுதல்

‘படி’ என்ற வினையை மாற்றத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. படிக்கிறேன், படித்தேன், படிப்பேன் என்பது போலவே இழுக்கிறேன், இழுத்தேன், இழுப்பேன் என்று வரும். மூச்சு என்பதோடு ‘ஐ’ உருபு சேர்ந்து ‘மூச்சை’ ஆகும். ‘மூக்கு வழியாக மெதுவாக மூச்சை இழுங்கள்’ என்ற தொடரைச் சில முறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். ‘உள்ளிழு’ என்ற வடிவம் எழுத்துக்கே மிகுதியும் உரியது.

படி 2: ‘விடு’ என்பதோடு சேர்த்தல்

மருத்துவர் நெஞ்சில் கருவியை வைத்துவிட்டு, ‘மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள்’ என்பார். இங்கே இழுப்பது ஒரு செயல், விடுவது மற்றொரு செயல். ஆகையால் இரண்டையும் பிரித்து எழுத வேண்டும். ‘இழுத்துவிடு’ என்று சேர்த்து எழுதினால் ‘விடு’ துணைவினையாகி, இழுக்கும் செயலை முடித்துவிடு என்ற பொருளைத் தந்துவிடும்.

இன்னொன்று, தொடக்கத்தில் பலரையும் குழப்புவது. தமிழில் ‘மூச்சு விடு’ என்பது வெளியே விடுவதை மட்டும் குறிப்பதில்லை. உள்ளும் புறமுமாக நிகழும் முழுச் செயலுக்கும் அதுவே பெயர். ‘மூச்சு விட முடியவில்லை’ என்பவருக்கு இரண்டுமே கடினமாக இருக்கலாம். ‘மூச்சை இழுக்க முடியவில்லை’ என்றால் உள்ளிழுக்கும்போதுதான் தடை இருக்கிறது என்று கேட்பவர் புரிந்துகொள்வார். மருத்துவரிடம் பேசும்போது இந்த வேறுபாடு பயன்படும்.

படி 3: யார் இழுப்பது, யாருக்கு இழுப்பது

இந்தப் படியில் சற்று நேரம் செலவிடுங்கள். ஏனெனில் இங்கே வேற்றுமை உருபு ஒன்றே பொருளை மாற்றிவிடும். விரும்பிச் செய்வதற்கு ‘நான்’ என்று எழுவாயாகத் தொடங்க வேண்டும்: ‘நான் மூச்சை இழுத்தேன்.’ தானாக நிகழ்வதற்கு ‘எனக்கு’ என்று தொடங்க வேண்டும்: ‘எனக்கு மூச்சு வாங்குகிறது.’

‘வாங்கு’ என்றவுடன் காற்றை உள்ளே பெறுவது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் ‘மூச்சு வாங்குகிறது’ என்பது மூச்சு இரைப்பதைக் குறிக்கும் தொடர். கத்ர் போர்னில் கோர் தெ கார்து மலைச்சரிவில் உள்ள முருகன் கோயிலுக்குப் படியேறும்போது, பாதி வழியில் இடுப்பில் கைவைத்து நின்று, ‘கொஞ்சம் பொறுங்கள் அக்கா, எனக்கு மூச்சு வாங்குகிறது’ என்று சொல்வதே இயல்பு. அப்போது அக்கா, ‘நின்று நன்றாக மூச்சை இழுத்து விடு’ என்பார். இரு வினைகளும் தத்தம் இடத்தில் நிற்பதை இந்த உரையாடலில் காணலாம்.

‘இழு’ என்ற வினையும் ‘கு’ உருபோடு வந்தால் வேறாகிவிடும். ‘தாத்தாவுக்கு இரவெல்லாம் இழுக்கிறது’ என்றால் அவர் மூச்சிரைப்பால் துன்புறுகிறார் என்று பொருள்; அந்த நோய்க்கே ‘இழுப்பு’ என்று பெயர். ‘அவருக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது’ என்பதை இறுதி நேரத்தில் இருப்பவரைப் பற்றியும் சொல்வதால், நலம் விசாரிக்கச் சென்ற இடத்தில் அதைச் சொல்லாதிருப்பது நல்லது.

படி 4: அருகில் உள்ள சொற்கள்

மணத்தை அறிய ‘மோந்து பார்’ என்போம். எழுத்தில் ‘முகர்’ என்று வரும். பூசைக்குப் பறித்த பூவை எடுத்த குழந்தையிடம் ‘மோந்து பார்க்காதே’ என்றுதான் பாட்டி சொல்வார். அங்கே ‘மூச்சை இழுக்காதே’ பொருந்தாது. சளி பிடித்தவர் மூக்கை உறிஞ்சுகிறார். கரும்புத் தோட்டத்தில் தீ மூட்டிய புகை சூழ்ந்தால் ‘மூச்சு முட்டுகிறது’ என்கிறோம். ‘யாரிடமும் மூச்சு விடாதே’ என்பது கமுக்கத்தைக் காக்கச் சொல்வது. இதற்கும் நுரையீரலுக்கும் தொடர்பில்லை.

யோக வகுப்புக்குச் செல்பவர்கள் உள்ளிழுப்பதைப் பூரகம் என்றும், அடக்குவதைக் கும்பகம் என்றும், வெளிவிடுவதை ரேசகம் என்றும் கேட்பார்கள். திருமூலர் இவற்றுக்கு முறையே 16, 64, 32 மாத்திரை என்று கால அளவு கூறுகிறார். தொடக்கநிலையினர் சொற்களை மட்டும் கற்றுக்கொள்ளட்டும்; 64 மாத்திரை அடக்கிப் பார்க்கும் வேலையை ஆசிரியர் இல்லாமல் செய்ய வேண்டாம்.

பயிற்சி

கோடிட்ட இடங்களை நிரப்புங்கள்: (அ) தண்ணீரில் மூழ்குமுன் அவன் ஆழமாக ____ இழுத்தான். (ஆ) பேருந்தின் பின்னால் ஓடியதால் ____ மூச்சு வாங்கியது. (இ) ஐயா, மூச்சை நன்றாக ____ விடுங்கள்.

விடைகள்: (அ) மூச்சை, (ஆ) எனக்கு, அல்லது ‘அம்மாவுக்கு’ போல ‘கு’ உருபேற்ற எந்தப் பெயரும், (இ) இழுத்து. இரண்டாவதில் ‘நான்’ என்று எழுதியவர்கள் மூன்றாம் படியை மீண்டும் ஒருமுறை படிக்கவும்.