ஆச்சியோட உடைஞ்ச ஜெபமாலையில இருந்து ஒரு பத்துமணி கயிறு

எங்க ஆச்சி ஜெபமாலை அறுந்து மணியெல்லாம் கட்டிலுக்கடியில உருண்டு ஓடிடுச்சு, தேடிப் பொறுக்குனதுல பாதிதான் கிடைச்சுது, ஆனா சிலுவையும் மாதா மெடலும் பத்திரமா இருந்துச்சு. அதுக்கப்புறம் கயித்துலயே வீட்ல ஆளுக்கொரு சின்ன ஜெபமாலை முடிஞ்சு கொடுத்தேன். முழு ஜெபமாலை மாதிரி அஞ்சு பத்து (பத்துப் பத்து மணியா அஞ்சு வரிசை) இல்லைங்க, ஒரே ஒரு பத்து, உள்ளங்கைக்குள்ள அடங்கிரும். மணியே கிடையாது, வெறும் முடிச்சுதான், அதனால அறுந்து உருள்ற கதையும் இல்ல.

வேணுங்கிறது: 2 மில்லிமீட்டர் நைலான் கயிறு ஒன்றரை மீட்டர் (வலை, தூண்டில் விக்கிற கடையில கிடைக்கும்), ஒரு சின்ன சிலுவை, கத்தரிக்கோல், லைட்டர், ஒரு பல்குத்தி. நூல் கயிறு வாங்காதீங்க, நுனி பிரிஞ்சுக்கிட்டே இருக்கும், நெருப்பு காட்டுனா உருகாம கருகிப் போயிரும்.

முதல்ல கயித்தோட ஒரு நுனியில ஒரு சாண் விட்டுருங்க, கடைசியில தேவைப்படும்.

அடுத்து முடிச்சு, இதுதான் முக்கியம். சாதாரணமா ஒரு முடிச்சு போடுங்க, ஆனா இறுக்காம வளையமா விட்டு வைங்க. அதே நீள நுனிய அந்த வளையத்துக்குள்ள இன்னும் ரெண்டு தடவை சுத்தி விடுங்க, மொத்தம் மூணு சுத்து. இப்ப ரெண்டு பக்கமும் மெதுவா இழுங்க, விரலால லேசா உருட்டிக்கிட்டே இழுத்தா சுத்தெல்லாம் வரிசையா படிஞ்சு குட்டி உருளை மாதிரி வரும். பிரான்சிஸ்கன் சாமியார்கள் இடுப்புக் கயித்துல ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல்னு மூணு முடிச்சு பாத்திருப்பீங்களே, அது மாதிரிதான். முதல் நாலஞ்சு கண்றாவியாத்தான் வரும், பிரிச்சுட்டு திரும்ப போடுங்க.

ரெண்டாவது முடிச்சை இறுக்குறதுக்கு முன்னாடி பல்குத்தியை வளையத்துல விட்டு முதல் முடிச்சுக்கு பக்கத்துல தள்ளிக்கோங்க, நடுவுல அரை சென்டிமீட்டர் இடைவெளி இருந்தா விரல் நகர சௌகரியம். இப்படியே பத்து.

பத்தும் எண்ணிப் பாத்துட்டுத்தான் மேல போகணும், சொல்லிட்டேன். தம்பிக்கு செஞ்சதுல ஒன்பதுதான் இருந்திருக்கு, அவன் துபாய்ல இருந்து போன் பண்ணி "யாரை விட்டுட்ட?"ன்னு கேட்டான். ஏன்னா குடும்ப ஜெபத்துல ஆச்சி ஒவ்வொரு அருள்நிறைந்த மரியேக்கும் (மாதா ஜெபம், முடிச்சுக்கு ஒண்ணு) முன்னாடி ஒரு பேரு சொல்லுவாங்க, பெரிய மாமாவுல ஆரம்பிச்சு கடைக்குட்டி வரைக்கும், செத்துப்போன தாத்தா பேரு பத்தாவது. அவன் எண்ணிப் பாத்துட்டு தாத்தாவைக் காணோம்ங்கிறான்! வேற ஒண்ணு முடிஞ்சு ஊருக்கு வந்தவங்க கையில கொடுத்துவிட்டேன்.

பத்து முடிஞ்சதும் ரெண்டு நுனியையும் சேத்துப் பிடிச்சு அதே முடிச்சை ரெட்டைக் கயிறா போடுங்க. பெருசா வரும், பத்து ஆரம்பிக்கும்போது சொல்ற பரலோக மந்திரத்துக்கு ("பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே" ஜெபம்) அதுதான் அடையாளம், இருட்டுல கூட விரலுக்குத் தெரியும். அதுக்குக் கீழ ரெண்டு விரல்கடை விட்டு சிலுவையைக் கோத்து இறுக்கிக் கட்டி, மிச்சத்தை வெட்டி, நுனியை லைட்டர்ல காட்டுங்க. உருகுன நைலானை கையால அமுக்கவே கூடாது, தோலோட ஒட்டிக்கும், கத்தரிக்கோல் முனையால அமுக்குங்க. இருந்த ஒரே பழைய சிலுவையை அம்மாவுக்கு செஞ்சதுல கோத்தேன், மத்தவங்களுக்கு கோயில் வாசக்கடை சிலுவைதான்.

முழு ஜெபமாலையும் சொல்லணும்னா இதையே அஞ்சு தடவை சுத்தி வரணும். எந்தக் கிழமைக்கு எந்த தேவ இரகசியம் (ஜெபமாலை சொல்லும்போது தியானிக்கிற இயேசு, மாதா வாழ்க்கை நிகழ்ச்சிகள்) அப்படிங்கிறது ஜெபமாலை சொல்றவங்களுக்கே தெரியும். 2002-ல போப் ஜான்பால் வியாழக்கிழமைக்கு ஒளியின் தேவ இரகசியம் கொடுத்தாரு, எங்க ஆச்சி மட்டும் கடைசி வரைக்கும் பழையபடி வியாழனுக்கு சந்தோஷ தேவ இரகசியம்தான் சொன்னாங்க, ஃபாதரே சொல்லியும் கேக்கல.

அழுக்கானா சோப்புத் தண்ணியில அலசி நிழல்ல காயப் போடுங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் சாமியார்கிட்ட மந்திரிச்சு வாங்கிட்டு அப்புறமா கொடுங்க, எங்க வீட்ல மந்திரிக்காதத யாரும் கையிலயே வாங்க மாட்டாங்க.